கருட தரிசனம்

ஆகாயத்தில் கருடன் வட்டமிடக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அவ்வளவு பக்தியுடன் வளர்ந்த நாம், ஒரு கருடனின் குடியைக் கெடுத்த கதையை நேயர்களிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

தாமிரபரணிக் கரையில், அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே ஓர் ஊர். பெயரைச் சொல்வதற்கில்லை, சொன்னால் அடுத்த வாரமே பத்துக் காமிராக்கள் அங்கே போய் நிற்கும். அங்கே ஒரு மருத மரத்தின் கவட்டில் செம்பருந்துத் தம்பதிகள் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டியிருந்தன. வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமான இந்தப் பறவையைத்தான் நாம் கருடன் என்கிறோம். கரை உயரமானதால், மேட்டில் நின்றால் கூடு நேர் எதிரே தெரியும்.

நம்மிடம் 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ் ஒன்று இருக்கிறது. அதன் விலை தெரிந்த நாளிலிருந்து நம் இல்லத்தரசி அதற்குச் 'சக்களத்தி' என்றே பெயர் வைத்திருக்கிறாள். பறவைக்கும் மனிதனுக்கும் நடுவே மரியாதையான தூரம் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கருவியைப் பயன்படுத்துவது. ஆனால் நூறு அடியில் தெரிகிற பறவை, ஐம்பது அடிக்குப் போனால் படத்தில் இரண்டு மடங்கு பெரிதாகிறது. கால்கள் தாமாகவே முன்னே போகின்றன.

இந்த ஆசையில் கண்ணையே இழந்தவரும் உண்டு. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங்கின் இடது கண்ணில், 1937-இல் ஓர் ஆந்தை பாய்ந்து நகத்தைப் பதித்தது, கண் போயிற்று. அப்புறமும் அவர் பறவைகளை விடவில்லை! நம் கருடனோ பரம சாது.

திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன், பல காமிராக்களின் உறுப்புக்களை ஒன்று சேர்த்து, 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்து, காட்டு மிருகங்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். அவருடைய ஊர்க்காரர் என்ற பெருமை நமக்கு நிறைய உண்டு. பொறுமைதான் இல்லை.

தை மாதத்துக் காலை. கூட்டை மறைத்தபடி ஓர் இலைக்கொத்து நின்றது. அதை ஒதுக்கினால் படம் அபாரமாக விழும் என்றார் நண்பர். மரமேறத் தெரிந்த ஒருவருக்கு இருநூறு ரூபாய் கொடுத்து, கிளையை வளைத்துக் கயிற்றால் கட்டச் செய்தோம். கூட்டில் இரண்டு முட்டைகள் என்று அவர் இறங்கிவந்து சொன்னார். வெட்டவில்லை, கட்டத்தானே செய்தோம் என்று மனசாட்சிக்கு ஒரு சமாதானம் வேறு! அந்த இலைகள்தாம் முட்டைகளுக்குக் குடையாகவும், காக்கையின் கண்ணுக்குத் திரையாகவும் இருந்தன என்பது அப்போது தோன்றவில்லை.

தாய்ப் பறவை எதிர்க்கரைப் பனைமரத்தில் போய் உட்கார்ந்து, கீச்சுக் குரலில் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. தோப்புக் காவலாளி மெல்ல அருகே வந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு மணி நேரமாச்சு. நீங்க போனாத்தான் அவ எறங்குவா."

"இன்னும் ஒரே ஒரு படம், தம்பி."

அவர் மேலே ஒன்றும் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதலில் ஒரு காக்கை வந்தது. பிறகு இன்னொன்று. நாம் கூச்சலிட்டோம், கைதட்டினோம், மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தோம். கருடன் ஆற்றின் குறுக்கே அம்புபோல் வந்தது. ஆனால் அதற்குள் காக்கைகளின் அலகு மஞ்சளாகிவிட்டது.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்றால் என்ன என்று விளக்குமிடத்தில், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் அதில் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி வேண்டியதில்லை. நாம் அதைப் படித்தது அன்று இரவுதான். எட்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தோம். கூட்டில் யாரும் இல்லை. கயிறு மட்டும் கிளையில் அப்படியே இருந்தது; அதே ஆளைக் கொண்டு அவிழ்த்துவிட்டு வந்தோம்.

அந்தக் களேபரத்திலும் நண்பரின் காமிரா ஓய்ந்திருக்கவில்லை. ஒரு படம் அற்புதமாக விழுந்திருக்கிறது: சிறகு இன்னும் மடங்கவில்லை, கழுத்தை வளைத்துக் கூட்டுக்குள் உற்றுப் பார்க்கிறது கருடன். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு நமக்கே பரிசாக அனுப்பிவிட்டார். கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறார்கள்.

"ஆகா! குஞ்சைத்தானே பார்க்கிறது? தாயன்பு என்றால் இதுவல்லவா!" என்கிறார்கள்.

நாம் உள்ளே பார்த்துக் காபி கொண்டுவரச் சொல்கிறோம்.