கையேந்திய பாலம்

சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பிள்ளை விளையாட்டையே பருவங்களாக்கிப் பாடியது தமிழ். அண்ணல் நபிகள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பலர். இவற்றை வகுப்பில் நடத்தும் நான், பிள்ளையின் கைவண்ணத்தைப் போற்றக் கற்றதோ சற்றுப் பிந்தியே.

2017ஆம் ஆண்டு, அப்போது ஏழு வயதினளான என் மகள் பாம்பன் ரயில் பாலத்தை வரைந்தாள். கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து உயரும் தூக்குப் பாலம், அவள் தாளில் விரல்களோடு கூடிய இரு கைகளாயிற்று. ஓவிய ஆசிரியரான நண்பரிடம் அதைத் திருத்தித் தருமாறு வேண்டினேன். தூணும் இரும்புச் சட்டமும் அளவு பிசகாத அழகிய படம் வந்தது. மகளோ அழுதாள்.

“பாலம் கப்பலுக்காக துஆ கேட்குது வாப்பா! கையெல்லாம் எங்கே?”

நாணினேன். ஓவியர் பால் கிளே, 1911இல் தம் படைப்புகளைப் பட்டியலிடத் தொடங்கியபோது, தம் பிள்ளைப் பருவ ஓவியங்களையும் அதில் சேர்த்தவர்.

நண்பர் மீண்டும் வரைந்தார். இம்முறை கைகள் கைகளாகவே நின்றன. அவர் சேர்த்தவை கடலின் ஆழமும் அந்தியின் நிறமுமே. மூலத்தை மாற்றாது பொருள் விளக்குபவரன்றோ உரையாசிரியர்! குழந்தையின் ஓவியத்தைத் தொடும் கலைஞர்க்கும் அதுவே நெறி.

1914இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பெற்ற புதிய பாலத்தின் தூக்குப் பகுதி, பிரியாமல் நேரே மேலெழுகிறது. பழைய பாலமோ எம் வீட்டுச் சுவரில் இன்றும் கையேந்தி நிற்கிறது.