மீன், ரயில், மணல், கரன்ட்... எங்கிருந்து வருது? குழந்தைகளோடு வடசென்னையில் ஒரு நாள்!

லீவு விட்டாச்சு. ஊரிலிருந்து அத்தை பிள்ளைகளும் வந்தாச்சு. சென்னையைச் சுற்றிக்காட்ட எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: மெரினா, வண்டலூர், கிண்டி பாம்புப் பண்ணை, ஏதாவது ஒரு மால். வடக்கே போனால் ஜார்ஜ் கோட்டை. அதோடு சரி. அதற்கு அப்பால் இருக்கும் வடசென்னையைப் பலரும் சினிமாவில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால், 'இது எங்கிருந்து வருது?' என்று ஓயாமல் கேட்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் கேள்விக்குப் பாதி பதில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில்தான் இருக்கிறது. ஒரு நாள் போதும். காலையில் சீக்கிரம் எழ வேண்டும், அவ்வளவுதான்!

காலை 5.30: மீன் எங்கிருந்து வருது?

முதல் இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்பே ஏலம் களைகட்டிவிடும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, கடம்பா, திருக்கை என்று கூடை கூடையாக இறங்கும். வாண்டுகளுக்கு ஒரு போட்டி வைக்கலாம். யார் அதிக மீன்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களோ, அவர்கள் சொல்கிற மீன்தான் மதியச் சாப்பாட்டுக்கு!

விசைப்படகு, ஃபைபர் படகு, கட்டுமரம் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'கேடமரான்' என்று சொல்வது நம் கட்டுமரத்தைத்தான் என்று சொன்னால், பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் முதலில் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கோடை விடுமுறையில் வந்தால் ஏலக் கூட்டம் குறைவாகவே இருக்கும். ஆனால், படகுக்குப் பெயின்ட் அடிப்பதையும் வலை பின்னுவதையும் நிதானமாகப் பார்க்கலாம். இந்த இரண்டு மாதம் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் எப்படி இருக்கும் என்பதையும் பேசலாம்.

அது வேலை செய்கிற இடம் என்பது நினைவிருக்கட்டும். ஐஸ் பெட்டியும் கூடையும் தூக்கி வருபவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம். தரை ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு அவசியம்.

காலை 8.00: ரயில் எங்கிருந்து புறப்பட்டது?

காசிமேட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. ஆற்காட்டுக்கு அருகே உள்ள வாலாஜா ரோடு வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. 1853-ல் மும்பையில் முதல் ரயில் கிளம்பிய போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. அதனால், நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்ற பெருமை ராயபுரத்துக்குத்தான். சென்ட்ரல் வந்தது 1873-ல், எழும்பூர் 1908-ல். இரண்டுக்கும் ராயபுரம்தான் மூத்த அக்கா!

உயரமான தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்புக்கு எதிரே பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

காலை 9.30: மெட்ரோவில் பெயர் வேட்டை

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த விளையாட்டு தொடங்கிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஏன் இந்தப் பெயர்? கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை. காலையில் பார்த்த ராயபுரம், ராயப்பர் என்று தமிழில் அழைக்கப்படும் புனித பேதுருவின் பெயரால் வந்தது. காலாடிப்பேட்டையைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியேற்றிய 'காலட் பேட்டை'தான் மக்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. கடைசியில் வரும் விம்கோ நகர், தீப்பெட்டி கம்பெனியின் பெயர். 'புல்லட்' பைக் இந்தியாவில் தயாராகத் தொடங்கியதும் இதே திருவொற்றியூரில்தான், 1950-களில்.

புதுவண்ணாரப்பேட்டை வரும்போது ஒரு தகவல் சொல்லுங்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, இந்தப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். வீட்டில் தூசு படிந்து கிடக்கும் கேரம் போர்டு அன்றிரவே வெளியே வரலாம்.

காலை 10.00: தூங்கும் யானை எங்கே?

திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முன்பே போய்விடுவது நல்லது. ஆதிபுரீஸ்வரர் சன்னிதியை வலம் வரும்போது, 'இங்கே ஒரு யானை தூங்குது, கண்டுபிடி' என்று சொல்லிப் பாருங்கள். கருவறையின் பின்பக்கம் படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்று இதற்கு அழகான பெயர். சுந்தரர் சங்கிலி நாச்சியாரைக் கைப்பிடித்த தலமும் இதுதான்.

அங்கிருந்து கடலோரமாகப் பட்டினத்தார் சமாதிக்குப் போகலாம். கடற்கரையில் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்த பட்டினத்தார், தன்னைக் கூடையால் மூடச் சொல்லி, கடைசியில் லிங்கமாகிவிட்டார் என்பது இங்கே சொல்லப்படும் கதை. கண்ணாமூச்சி ஆடி மறைந்த சித்தரைப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகுமா? கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை என்பதால், கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மணல் எங்கே போச்சு?

கடற்கரைக்கு வந்ததும் பிள்ளைகள் ஏமாந்துதான் போவார்கள். மெரினாவைப்போல மணல் இல்லை. பல இடங்களில் பாறாங்கற்களைக் கொட்டி அரண் எழுப்பியிருக்கிறார்கள். 'ஏன் இங்க மட்டும் பீச் இல்ல?' என்ற கேள்வி நிச்சயம் வரும். பதில் சுவாரஸ்யமானது.

நம் கடலோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டியதும், அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அகலமானது. வடக்கே மணல் வந்து சேராததால் கரை அரித்தது. மீனவர் குடியிருப்புகள் பலவற்றைக் கடல் கொண்டுபோனது. நாம் மெரினாவில் வீடு கட்டி விளையாடும் மணலில், இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டிய பங்கும் இருக்கிறது.

கற்கள் வழுக்கும். மேலே ஏறவோ, கடலில் இறங்கவோ விட வேண்டாம்.

மதியம் 3.00: கரன்ட் எங்கிருந்து வருது?

சாப்பிட்டுவிட்டு புறநகர் ரயிலில் எண்ணூர் போகலாம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் படகுகள், பறவைகள். மறுபக்கம் வானத்தைத் தொடும் புகைபோக்கிகள். 2001-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகத்தில், இன்று காமராஜர் துறைமுகம் என்கிறார்களே, அதில் கப்பலில் நிலக்கரி வந்து இறங்குகிறது. அது வடசென்னை அனல் மின் நிலையத்துக்குப் போய் எரிந்து மின்சாரமாகிறது. மிஞ்சுவது சாம்பல். அந்தச் சாம்பல் கசிந்து படிந்த கழிமுகத்தில்தான், தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பானது. இரண்டு முறையும் அதைக் கையால் அள்ளி எடுத்தவர்களில் இந்த ஊர் மீனவர்களும் உண்டு.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்க வேண்டாம். பயமுறுத்தாமல் உள்ளதைச் சொன்னால் போதும். தண்ணீரில் விளையாட மட்டும் விட வேண்டாம்.

மாலை 6.00: அத்தோவோடு முடிக்கலாம்!

விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து மண்ணடியில் இறங்கினால், பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள் காத்திருக்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் இது. காரம் குறைவாகக் கேட்டு வாங்கி, கூடவே வாழைத்தண்டு சூப்பும் சொல்லிவிடுங்கள்.

தொப்பி, தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முழு நாளும் தாங்காத சின்னக் குழந்தை என்றால் காசிமேடு, ராயபுரம், கோயில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து ஸ்விட்சைத் தட்டும்போது, 'இந்தக் கரன்ட் எண்ணூர்ல இருந்து வந்திருக்குமாம்மா?' என்று பிள்ளை கேட்டால், அன்றைய டிக்கெட் காசு வீண்போகவில்லை!