'மூணாவது பல்லையும் பிடுங்கிடுங்க டாக்டர்!' - பூக்காரம்மாவின் வலி பல்லில் இல்லை

"ரெண்டு பல்லைப் பிடுங்கியாச்சு, வலி போகலை. இதையும் பிடுங்கிடுங்க டாக்டர்!"

மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில், இடது கன்னத்தை முந்தானையால் மூடியபடி கெஞ்சினார் அந்த அம்மா. வயது 57. தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'பூக்காரம்மா'தான்.

விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். ஏழு மணிக்குக் கூடையோடு தெருவில் இருப்பார். 'மல்லீ... முல்லே... கனகாம்பரம்...' என்ற குரல் கேட்டால், பல வீடுகளில் 'அய்யோ, மணி ஏழாச்சா!' என்று பரபரப்பு ஆரம்பித்துவிடும். அந்தக் குரல் ஓர் ஐப்பசி மாதத்தில் நின்றுபோனது.

ஷேர் ஆட்டோவில் குளிர்காற்று முகத்தில் அடித்தபோதுதான் முதல் முறை வந்தது. இடது மேல்தாடையில், கரன்ட் கம்பியைத் தொட்டதுபோல ஒரு வெட்டு. சில நொடிகள்தான். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. அடுத்த வாரம் பல் தேய்க்கும்போது வந்தது. பிறகு சோறு மெல்லும்போது, முகம் கழுவும்போது, கடைசியில் வாய் திறந்து 'மல்லி' என்று சொல்லும்போதும்.

முகத்தில் மஞ்சள் பூசுவதை விட்டார். கூவுவதை விட்டார். பூ வாங்க வந்தவர்களிடம் விரலாலேயே முழக்கணக்குக் காட்டினார். குரல் இல்லாத பூக்கூடையை யார் கவனிப்பார்கள்? பாதிப் பூ கூடையிலேயே வாடியது. கொஞ்சிக்கொண்டு கன்னத்தைத் தொட வந்த பேரனின் கையைத் தட்டிவிட்டார். குழந்தை அதன்பிறகு பக்கத்தில் வரவே பயந்தது.

கிராம்பு வைத்துப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கினார். எதற்கும் அடங்கவில்லை. ஒரு கிளினிக்கில் முதல் பல்லை எடுத்தார்கள். பத்து நாள் வலியே இல்லை! 'பல்லுதான் காரணம்' என்று எல்லோரும் முடிவே செய்துவிட்டார்கள். வலி திரும்பியதும் பக்கத்துப் பல்லும் போனது. தானாக விலகி, தானாகத் திரும்புவதுதான் இந்த நோயின் குணம் என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம்.

மூன்றாவது பல்லுக்கு வந்தபோதுதான் அந்த இளம் பல் மருத்துவர் கையை நிறுத்தினார். பல்லைக் கருவியால் தட்டினார்; வலிக்கவில்லை. பஞ்சு நுனியால் மூக்கின் ஓரத்தை லேசாக வருடினார். அந்த அம்மா துடித்துப்போனார்.

"இது பல்லு இல்லம்மா. நரம்பு. நியூரோ டாக்டரைப் பாருங்க" என்றார்.

பல்லுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நம் மூளையிலிருந்து 12 ஜோடி நரம்புகள் நேரடியாகக் கிளம்புகின்றன. முதல் நரம்பு வாசனைக்கு, இரண்டாவது பார்வைக்கு, எட்டாவது காதுக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஐந்தாவது நரம்பின் பெயர் ட்ரைஜெமினல். இதற்கு மூன்று கிளைகள். ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், அடுத்தது கன்னத்துக்கும் மேல்பற்களுக்கும், மூன்றாவது தாடைக்கும் கீழ்ப்பற்களுக்கும் போகிறது. முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு. முகத்தில் தொடுவதை உணரவைப்பது இந்த ஐந்தாவது.

பூக்காரம்மாவுக்கு வந்தது 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா'. பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம் வரும். இந்தி நடிகர் சல்மான் கான் இதே நோய்க்காக 2011-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

கட்டி ஏதும் நரம்பை அழுத்துகிறதா, நரம்பின் உறையைத் தின்னும் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நரம்புகளுக்காகவே மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் தனி ஸ்கேன் அது. மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளை வெளேரென்று தெரிய, நடுவில் கறுப்பு நூலாக நரம்பு. அதன்மேல் சாய்ந்து படுத்திருந்தது ஒரு ரத்தக்குழாய். ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அது நரம்பின்மேல் இடிக்கிறது. வயர் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உரிந்தால் ஷாக் அடிப்பதுபோல, நரம்பின் உறை தேய்ந்து லேசான தொடுதல்கூட வலியாகப் பாய்கிறது.

டாக்டர் எழுதிய கார்பமாஸிபின் மாத்திரையைப் பார்த்து மருமகள் பதறினார். "அத்தைக்கு எதுக்கு வலிப்பு மாத்திரை?" வலிப்புக்கும் கொடுப்பார்கள், இந்த வலிக்கும் அதுதான் முதல் மருந்து என்று விளக்கினார்கள். சாதாரண வலி மாத்திரைகள் இதில் எடுபடாது.

ஒரு வாரத்தில் பூக்காரம்மா சோற்றை மென்று சாப்பிட்டார். ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு வலி மறுபடி தலைதூக்க, மாத்திரையின் அளவு கூடியது. கூடவே தூக்கமும் தலைச்சுற்றலும். ஒருநாள் கூடையோடு ரோட்டில் தடுமாறி விழப்போனார். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். தோலில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மாத்திரையைத் தானாகவே நிறுத்தவும் கூடாது.

அடுத்த வழி அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் சின்னதாகத் துளையிட்டு, ரத்தக்குழாயை விலக்கி, நரம்புக்கும் அதற்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். 1960-களில் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா வளர்த்தெடுத்த முறை இது. அந்தக் காதின் கேட்கும் திறன் பாதிக்க ஒரு சிறு வாய்ப்பு உண்டு என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தார் பூக்காரம்மா. "காது போனாலும் பரவாயில்ல. வாயி வேணும், எனக்கு அதுதான் பொழப்பு" என்று கைநாட்டு வைத்தார்.

காதும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஏழு மணிக்குத் தெருவில் 'மல்லீ...' கேட்டது. மாடியிலிருந்து ஒருவர், "பூக்காரம்மா வந்தாச்சு!" என்று கத்தினார். பேரன் இப்போது அவர் முகத்தைப் பிடித்து இழுத்துத்தான் முத்தம் கொடுக்கிறான்.

பிடுங்கிய இரண்டு பல் மட்டும் திரும்பவில்லை. முறுக்கு கடிக்கும்போதெல்லாம் அது அவருக்கு ஞாபகம் வருகிறது. யாராவது பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பூ வாங்க வந்தால், முழம் போட்டுக்கொண்டே ஒன்று சொல்கிறார்.

"பிடுங்கச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்க தாயி, அது பல்லுதானான்னு."