கழனியில் குறையாத குடம்

திண்டிவனத்துக்குச் சற்று வடக்கே, சென்னை–விழுப்புரம் ரயில் பாதையில் இருக்கிறது ஒலக்கூர். சித்திரை வெயிலில், மல்லாட்டை பிடுங்கும் நாளில் போயிருந்தேன். காலை 9 மணிக்கே மண் சுட்டது. குனிந்த தலை நிமிராமல் பெண்கள் செடி பிடுங்கினார்கள். வேப்பமர நிழலில் தூக்கில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். கூழ் காலியாயிற்று, குடம் மட்டும் குறையவே இல்லை!

"ஏன் அக்கா, தாகமே இல்லையா?" என்று ஒருவரைக் கேட்டேன்.

"தாகத்துக்கு என்னம்மா கொறச்சல்? குடிச்சா ஒதுங்கணுமே! சுத்திலும் ஒரு மறைப்பு இருக்குதா, நீயே சொல்லு" என்றார்.

ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தண்ணீரையும் சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு, கிருமித்தொற்று, சிறுநீரகக் கல், மயக்கம் எல்லாம் வரிசையாக வரும்.

சகோதரிகளே, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெயிலில் வேலை செய்கையில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வியர்வையில் உப்பும் போய்விடுவதால், கூழிலும் மோரிலும் அளவாக உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். யாருக்காவது பேச்சு குழறினால் உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

கழனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: குடத்தோடு நாலு கழியும் இரண்டு பழம்புடவையும் கொண்டுபோய், ஓரமாக ஒரு மறைப்புக் கட்டிக் கொடுங்கள். குடம் தானாகக் குறையும்.