ஆறு மணி நேர மௌனம்

2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் நள்ளிரவை நெருங்கும் வேளையில், கிள்ளானைச் சேர்ந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் மறுநாளைய பாடத்தைப் பெற்றோரின் புலனக் குழுவுக்கு அனுப்ப முயன்றார். செல்லவில்லை. கட்டணம் செலுத்த மறந்தோமோ என்று ஐயுற்றுக் கணவரின் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே நிலை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் புலனமும் உலகெங்கும் ஒருசேர முடங்கிக் கிடந்தன. மூன்றும் ஒரே நிறுவனத்தின் உடைமை என்பதைப் பலர் அறிந்ததே அன்றுதான். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின், பொழுது புலரும் தறுவாயில் அவை மீண்டும் உயிர்பெற்றன.

தொடக்கப்பள்ளிகள் திறவாத காலம் அது. இல்லிருப்புக் கற்றலுக்குப் புலனமே கரும்பலகை. ஆகவே பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்கள் முதல் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடைகள் வரை மறுநாள் அதுவே பேச்சு.

அதே வாரத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. அந்நிறுவனத்தில் பணியாற்றி விலகிய பிரான்சஸ் ஹௌகன் என்னும் பெண்மணி, அதன் உள்ளேடுகளைப் படியெடுத்து வெளிப்படுத்தியவர் தாமே என்று 3ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கூறினார். 5ஆம் நாள் அந்நாட்டு மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பதின்ம வயதுப் பெண்கள் சிலரிடம் தம் உடலைப் பற்றிய தாழ்வுணர்வை இன்ஸ்டாகிராம் வளர்க்கிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டிருந்தது. அங்குப் பெற்றோர் கொதித்தனர். வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பொய்த்தோற்றம் தருகிறார்கள் என்றது நிறுவனம். 28ஆம் நாள் தன் பெயரை மெட்டா என மாற்றிக்கொண்டது.

பிரிக்பீல்ட்ஸிலோ, "வியாபாரி லாபம் பார்க்காமல் வேறென்ன செய்வான்?" என்ற வினாவோடும் ஒரு குவளைத் தேநீரோடும் விவாதம் முடிந்தது. சினந்தவர்களும் அச்சினத்தைப் புலனத்தில்தான் பகிர்ந்துகொண்டனர், வேறு வழி? இங்கு உண்மையான கொதிப்பு எழ ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. 2024 ஜூலையில், வேறொரு தளத்தில் வசவுகளுக்கு இலக்கான தமிழ் இளம்பெண் ஒருவர் கோலாலம்பூரில் உயிர்நீத்தார். வசைபாடியோருள் ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் என்ற செய்தி கேட்டு இனம் கடந்து மக்கள் வெகுண்டனர். நாட்டில் 80 இலட்சம் பயனர்களைக் கொண்ட தளங்கள் 2025 சனவரி முதல் நாள் தொட்டு உரிமம் பெற்றாக வேண்டும் என்ற அறிவிப்பு அம்மாத இறுதியில் வந்தது.

கிள்ளான் ஆசிரியையின் நெஞ்சில் தைத்தது, 2021 அக்டோபர்ப் பிற்பகுதியில் வெளியான மற்றொரு பகுதி. பொய்ச் செய்திகளை இனங்காணும் பணிக்கான நேரச் செலவில் அமெரிக்காவுக்கு 87 விழுக்காடு. எஞ்சிய உலகனைத்துக்கும் 13. இக்கணக்கு முழுமையானதன்று என்றது நிறுவனம். கேரளத்தில் வாழ்பவர்போல் 2019 பிப்ரவரியில் சோதனைக் கணக்கொன்றைத் திறந்த ஆய்வாளர், தளம் பரிந்துரைத்ததை மட்டும் பின்பற்றி, வாழ்நாளெல்லாம் கண்டதைவிட மிகுதியான பிணப்படங்களை மூன்றே வாரத்தில் கண்டதாக எழுதியிருந்தார். இந்திய மொழிகள் பலவற்றின் வெறுப்புரையை அறியும் திறன் பொறிகளுக்கு இல்லை என்பதும் அவ்வேடுகளில் இருந்தது.

அப்படியாயின் தம் மாணவர் எழுதும் தமிழைப் பொறி எங்ஙனம் அறியும்? எழுத்து ஆங்கிலம், சொல் பாதி மலாய், வசவு மட்டும் தமிழ். சில நாள்களுக்கு முன், பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருந்த குழுவில் ஒரு சிறுமியைக் 'கறுப்பி' என்றெழுதி, அருகே சிரிக்கும் முகங்களை அடுக்கியிருந்தனர். அவள் மறுமொழி எழுதாமல் வெளியேறினாள். அதன்பின் பாடத்துக்கும் வரவில்லை.

நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஆசிரியை அவள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். எடுத்தவர் பாட்டி.

"டீச்சருங்களா? இருங்கம்மா, கூப்பிடுறேன்" என்றவர் உள்நோக்கிக் குரல் கொடுத்தார்: "ஏ கறுப்பி, ஓடியாடி என் தங்கம், டீச்சர் பேசுறாங்க."

சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, ஓடிவந்த மூச்சிரைப்போடு, "வணக்கம் டீச்சர்" என்றது சின்னக் குரல்.