சந்தக்பூவில் ஒரு சறுக்கல்

டாலிகஞ்சுக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. குளிர் தொடங்கினாலே எங்க தெரு தாதாக்கள் (நம்ம ஊர் தாதா இல்லீங்க, இங்கே அண்ணன்!) குரங்குக் குல்லாவோடு மலைக்குக் கிளம்பிடுவாங்க. போன டிசம்பர் முதல் வாரம் நானும் பையனும் கிளம்பினோம். சியால்டாவில் ரயில், மானேபஞ்சனில் இருந்து நடை. தும்லிங், காளிபொக்ரி தாண்டி மூன்றாம் நாள் சந்தக்பூ. 3,636 மீட்டர், மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். எதிரே துடைத்துவிட்ட மாதிரி கஞ்சன்ஜங்கா!

வினை இறக்கத்தில்தான். போன வழியே திரும்பாமல், குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்குக் காட்டுப்பாதை. மூங்கிலும் ஃபிர் மரமும் அடர்ந்த இடம். "வெயில் வரட்டும் சார்" என்றார் கைடு. ஐந்து மணிக்குள் இருட்டிடுமே என்று நம்ம பேங்க் மூளை கணக்குப் போட்டது. ஆறரைக்கே இறங்கினேன். வெயில் படாத ஒரு திருப்பத்தில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் கண்ணாடியாய்ப் பனிக்கட்டி. முழங்கால் பிசகியது.

மிச்ச வழி முழுக்க இரண்டு பையையும் பையன்தான் சுமந்தான். "பாத்துப்பா, மெதுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வலியை விட அதுதான் என்னவோ செய்தது.

போகிறவர்கள் எட்டு மணிவரை டீ குடித்துவிட்டு இறங்குங்க. ஊரில் அம்மாவுக்கு இன்னும் சொல்லலை, நீங்களும் சொல்லிடாதீங்க.