காற்று இழுக்கும் பைக்

வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயில் ஓட்டை விழுந்தால் பீய்ச்சி அடிக்கும்; பார்த்ததும் தெரியும். கிணற்றிலிருந்து உறிஞ்சும் குழாயில் விழும் ஓட்டை அப்படியில்லை. ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்று உள்ளே போகும், பம்ப் தண்ணீர் எடுக்காது. பம்புசெட் வைத்திருக்கும் எல்லோருக்கும் பழகிய தொல்லை இது. பழைய பைக்குக்கும் இதே தொல்லை வரும் என்பதை, செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று வாரம் அலைந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்.

அவருக்கு நான்கு கறவை மாடுகள். காலை ஆறரைக்குள் பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். கேனைச் சுமப்பது 20 வருடப் பழசான 100 சிசி பைக். சோக் போட்டால் ஓடியது, எடுத்தால் நின்றது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சில நேரம் இரைச்சல் குறையவில்லை. சைலன்சரில் டப் டப்பென்று சத்தம் வேறு. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. புது பிளக்கின் முனையும் சில நாளில் வெளுத்துப்போனது. இரண்டு நாள் பால் நேரத்துக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பியது. ‘‘புது கார்புரேட்டர் போடணும், இல்லேன்னா வண்டியைத் தள்ளி விட்டுடுங்கண்ணே’’ என்றார் மெக்கானிக்.

அன்று மாலை, வாசலில் வண்டி ஏறி இறங்கிக் கத்துவதைக் கேட்டு மனைவிதான் சொன்னார்: ‘‘ஏங்க, நம்ம கெணத்து மோட்டார் காத்து இழுக்கறப்ப இப்படித்தானே கத்தும்?’’

அது சரியான கேள்வி. ஒரு பங்கு பெட்ரோல் எரிய, எடைக் கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து கலவை மெலிந்துவிடும். சோக் போட்டால் பெட்ரோல் பங்கு கூடுவதால் இன்ஜின் பிழைத்துக்கொள்கிறது. பைலட் ஜெட் அடைத்தாலும் இதே அறிகுறிகள்தான். ஜெட் சுத்தமாக இருந்தும் தொல்லை தீராவிட்டால், இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மறுநாள் காலை, சூடு ஏறுவதற்குள், வண்டியை ஐடிலிங்கில் விட்டு, ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து இணைப்பு இணைப்பாகத் தெளித்தார். இன்ஜின் பக்கத்து இணைப்பில் பட்டதும் சத்தம் மாறித் தடுமாறியது. கழற்றிப் பார்த்தால், ஓ-ரிங் கட்டையாக இறுகியிருந்தது. இன்சுலேட்டரில் மயிரிழை விரிசல். இரண்டையும் மாற்றி, இரு போல்ட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். புது கார்புரேட்டருக்கு வேலையே இல்லாமல் போனது.

இந்தச் சோதனைக்குப் பெட்ரோல் தெளிக்காதீர்கள், தீப்பிடிக்கும். தண்ணீரே போதும், பிளக்கில் மட்டும் படக் கூடாது. விரிசலில் பசை தடவினால் பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். ஒரே போல்ட்டை இறுக்கினால் இணைப்பு வளைந்து, புது இடைவெளி விழும். ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் மண் சாலைப் புழுதி உள்ளே போய்ப் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். டூ-ஸ்ட்ரோக் மொபெட் என்றால் தள்ளிப்போடவே கூடாது. அதில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. கலவை மெலிந்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.